மருந்து பிடித்ததா?

புற்றுநோய் செல் எப்படிச் செத்தது என்பதை ஒளிரும் புரதம் ஒன்று காட்டிக்கொடுக்கிறது. திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடம் ஒன்று வளர்த்தெடுத்த இந்தச் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

செத்துப்போன செல்லிடம் வாக்குமூலம் வாங்க முடியாது. புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களின் பழைய தலைவலி இது. கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் புற்றுநோய் செல்களின் மேல் ஒரு மருந்தைச் சொட்டுகிறார்கள். மறுநாள் பார்த்தால் பாதி செல்கள் செத்துக் கிடக்கின்றன. எப்படிச் செத்தன? தாமாக ஒடுங்கி அடங்கினவா, உறை கிழிந்து சிதறினவா? கிண்ணத்தைப் பொறுத்தவரை இரண்டும் சாவுதான். நோயாளியின் உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல.

முதல் வகைச் சாவுக்கு 1972ல் மூன்று விஞ்ஞானிகள் கிரேக்க மொழியிலிருந்து ஒரு பெயரை எடுத்து வைத்தார்கள். அபாப்டோசிஸ். இலை உதிர்தல் என்று பொருள். பழுத்த இலை காம்பை விட்டு விழும்போது மரத்துக்குக் காயம் இல்லை. அதுபோல், நேரம் வந்த செல் தன்னைத் தானே துண்டு துண்டாக மடித்துக் கட்டிக்கொள்கிறது. பக்கத்துச் செல்கள் அந்தப் பொட்டலங்களை விழுங்கிவிடுகின்றன. காவோலை விழுவதையும் குருத்தோலை சிரிப்பதையும் பழமொழியாக்கி வைத்திருக்கும் தமிழனுக்கு இந்தப் பெயர் புரியாமல் போகாது. இரண்டாவது வகைக்குப் பெயர் நெக்ரோசிஸ். இது கிளை முறிவது போல. செல்லின் உறை கிழிந்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டுகிறது. சுற்றியுள்ள திசுவில் அழற்சி உண்டாகிறது. ஒரு மருந்து புற்றுநோய் செல்லை இலை போல உதிர்க்கிறதா, கிளை போல முறிக்கிறதா என்பது தெரியாமல் அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவது குருட்டு வேலை.

திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981ல் தொடங்கப்பட்ட வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கு கேரளத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்தும் வருகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரத்தைப் பார்க்கும் பழக்கம் எல்லைக் கோட்டோடு முடிந்துவிடவில்லை. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். திருநெல்வேலிக்காரர்களுக்கும் ஓர் இரவுக்குள் வந்து சேரும் தூரம். பிளாஸ்டிக் உறைக்குள் ஸ்கேன் படங்களும், தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியுமாக வருபவர்கள் டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “மருந்து பிடிச்சிருக்கா?”

தமிழில் மருந்து ‘பிடிக்கிறது’. வேலை செய்கிறது, பலன் தருகிறது என்பதெல்லாம் பின்னால் வந்த சொற்கள். ஊர்ப்பேச்சில் மருந்து உடம்பைப் பிடிக்க வேண்டும். பிடிக்காத மருந்து வீண். உயிர்வேதியியல் இதைத்தான் வேறு மொழியில் சொல்கிறது. செல்லுக்குள் நடக்கும் காரியங்களில் பெரும்பாலானவை ஒரு மூலக்கூறு இன்னொன்றைப் பிடிப்பதில் தொடங்குகின்றன. புரதம் ஒரு கை. அந்தக் கைக்குள் வந்து அடங்கும் சிறு பொருளுக்கு ‘லிகண்ட்’ என்று பெயர். ‘கட்டுதல்’ என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நமது வேதியியல் பாடநூல்கள் அதை ‘ஈனி’ என்கின்றன. கால்சியம் ஓர் ஈனியாகலாம். சர்க்கரையும், நரம்பு சுரக்கும் டோபமினும், மருந்து மாத்திரையின் மூலப்பொருளும் ஆகலாம்.

இந்தப் பிடியைக் கண்ணால் பார்க்க முடியுமா? அரை நூற்றாண்டுக்கு முன் முடியாது. செல்லை உடைத்து, கூழாக்கி, அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அளப்பார்கள். அது பிரேதப் பரிசோதனை. உயிரோடு இருக்கும் செல்லுக்குள் பிடியும் விடுதலையும் நொடிக்கு நொடி நடப்பதைப் பார்க்க, செல்லுக்குள்ளேயே ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அந்தச் சாட்சி கடலிலிருந்து வந்தது.

1961 கோடையில் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஃப்ரைடே ஹார்பரில் ஜெல்லிமீன் பிடித்துக்கொண்டிருந்தார். குடை போன்ற அந்தப் பிராணியின் விளிம்பு பச்சையாக மினுங்கும். அந்த வெளிச்சத்தின் காரணப் பொருளைப் பிரித்தெடுப்பது அவர் நோக்கம். சாற்றில் அமிலம் சேர்த்தால் வெளிச்சம் அணைந்தது. அமிலத்தை முறித்தால் மங்கலாகத் திரும்பி வந்தது. ஒருநாள் வேலை முடிந்து மிச்சச் சாற்றைத் தொட்டியில் கொட்டினார். பளீரென்று நீல வெளிச்சம் அடித்தது. அந்தத் தொட்டிக்குள் மீன் காட்சித் தொட்டியின் கடல்நீர் வழிந்துகொண்டிருந்தது. கடல்நீரில் இருந்த கால்சியம்தான் விளக்கைத் தூண்டியது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. அந்தக் கோடையில் சுமார் பத்தாயிரம் ஜெல்லிமீன்களைப் பிழிந்து, ஈக்வோரின் என்ற புரதத்தைச் சுத்தமாக எடுத்தார்கள். கால்சியத்தைப் பிடித்தால் நீலமாக ஒளிரும் புரதம் அது.

ஆனால் ஜெல்லிமீன் மினுங்குவது பச்சையாக. நீலம் எப்படிப் பச்சையாயிற்று? பக்கத்தில் இன்னொரு புரதம் இருந்தது. ஈக்வோரினின் சக்தியை வாங்கி அது பச்சையாகத் திருப்பிக் கொடுத்தது. தானாக வெளிச்சம் உண்டாக்கத் தெரியாத, வாங்கிய ஒளியை நிறம் மாற்றித் தரும் இந்தப் பச்சைப் புரதம்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. கொச்சி அருகே கும்பளங்கிக் காயலில் இரவு நேரம் நீரைத் துழாவினால் எழும் நீல மினுக்கத்தை மலையாளிகள் ‘கவரு’ என்பார்கள். அதுவும் நம் மின்மினியும் வேதிவினையால் தாமே ஒளிர்பவை. பச்சைப் புரதம் வேறு ஜாதி. அதன்மேல் ஊதா அல்லது நீல ஒளி பட வேண்டும். பட்டால்தான் பச்சை வரும்.

இந்தப் புரதத்துக்கான மரபணுவை 1992ல் பிரித்தெடுத்தவர் டக்ளஸ் பிராஷர். ஆய்வுக்கான பணம் தீர்ந்துபோனதால் அவர் மேலே தொடர முடியவில்லை. கேட்ட இருவருக்கும் மரபணுவை அனுப்பிவைத்தார். அவர்களில் மார்ட்டின் சால்ஃபி அதை பாக்டீரியாவிலும் புழுவிலும் செலுத்தி ஒளிர வைத்து 1994ல் வெளியிட்டார். ரோஜர் சியன் அதைத் திருத்தி வானவில்லின் பல நிறங்களை வரவழைத்தார். 2008ல் ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, பிராஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் வாடிக்கையாளர் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னர் சியன் தன் ஆய்வுக்கூடத்திலேயே அவருக்கு இடம் கொடுத்தார். விஞ்ஞான வரலாற்றில் பரிசு வாங்கியவர் பட்டியலுக்குப் பின்னால் இப்படி இன்னொரு பட்டியல் எப்போதும் உண்டு.

புரதத்தின் அமைப்பு 1996ல் தெரிந்தது. 238 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி பதினொரு இழைகளாக மடிந்து ஒரு பீப்பாயாக நிற்கிறது. பீப்பாயின் நட்டநடுவே மூன்று அமினோ அமிலங்கள் தாமே இணைந்து ஒளிரும் திரியாகின்றன. ஆக்சிஜனைத் தவிர வெளி உதவி எதுவும் வேண்டாம். சிம்னி விளக்கை நினைத்துக்கொண்டால் போதும். கண்ணாடி திரியைக் காற்றிலிருந்து காப்பது போல, பீப்பாய் நடுத்திரியைத் தண்ணீரிலிருந்து காக்கிறது. கண்ணாடியில் ஓட்டை விழுந்தால் விளக்கு மங்கும்.

இந்த ஓட்டையையே வசதியாக மாற்றிக்கொண்டார்கள். புரதச் சங்கிலியின் பழைய இரு முனைகளையும் ஒட்டிவிட்டு, திரிக்கு அருகே புதிதாக வெட்டினார்கள். இப்போது பீப்பாயின் பக்கவாட்டில் ஒரு திறப்பு. விளக்கு மங்கல். வெட்டிய முனைகளில் கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் என்ற புரதத்தையும், அது கட்டிக்கொள்ளும் ஒரு சிறு துண்டையும் இணைத்தார்கள். நான்கு கால்சியம் அயனிகள் வந்து அமர்ந்ததும் கால்மோடுலின் வளைந்து அந்தத் துண்டை அணைத்துக்கொள்கிறது. அந்த அணைப்பில் திறப்பு அடைபடுகிறது, திரி பாதுகாக்கப்படுகிறது, விளக்கு பிரகாசிக்கிறது. கால்சியம் கைவிட்டுப் போனால் மறுபடி மங்கல். ஜப்பானின் ஜுனிச்சி நகாய் குழு 2001ல் வெளியிட்ட ‘ஜிகேம்ப்’ இப்படிப்பட்டது. நரம்புச் செல் துடிக்கும்போது அதற்குள் கால்சியம் ஏறும். அதனால், விழித்திருக்கும் எலியின் மூளையில் எந்தச் செல் எப்போது பேசுகிறது என்று இன்று பார்க்க முடிகிறது. இதே உத்தியில் குளுட்டமேட்டுக்கும் டோபமினுக்கும் உணரிகள் வந்துவிட்டன.

இன்னொரு வழி இரண்டு விளக்கு வழி. நவராத்திரி மண்டபத்துக் கச்சேரிகளைக் கேட்டுப் பழகிய திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரே சுருதியில் கூட்டிய இரண்டு தந்திகளில் ஒன்றை மீட்டினால் மற்றது தொடாமலே அதிரும். அதுபோல நீலப்பச்சைப் புரதம் ஒன்றையும் மஞ்சள் புரதம் ஒன்றையும் மிக அருகே வைத்தால், முதலாவதுக்குக் கொடுத்த ஒளிச்சக்தி தொடாமலே இரண்டாவதுக்குத் தாவும். நீலப்பச்சையைத் தூண்டினால் மஞ்சள் தெரியும். அருகே என்றால் மிக மிக அருகே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இடைவெளி சுமார் 5 நானோமீட்டர் இருக்கும்போது சக்தியில் பாதி தாவுகிறது என்றால், 10 நானோமீட்டர் ஆனதும் அறுபத்தைந்தில் ஒரு பங்குதான் தாவும். இரண்டுக்கும் நடுவே ஈனியைப் பிடிக்கும் ஒரு கீலை வைத்துவிட்டால் முடிந்தது. பிடித்தால் கீல் மடங்கும், விளக்குகள் நெருங்கும், நிறம் மாறும். 1997ல் அட்சுஷி மியவாகியும் சியனும் செய்த முதல் கால்சிய உணரிக்குப் பச்சோந்தியின் பெயரையே வைத்தார்கள்.

இந்த இரண்டாவது வழியை ஒட்டித்தான் திருவனந்தபுரத்துச் சாட்சியும் செய்யப்பட்டது. 1994ல் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் என்ற பெயரைப் பெற்று, 2007ல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் வந்த ஆய்வு நிறுவனம் பூஜப்புரை அருகே இருக்கிறது. அங்கே டி.ஆர். சந்தோஷ் குமாரின் குழு 2017ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. உணரியில் நீலப்பச்சை விளக்கையும் மஞ்சள் விளக்கையும் இணைப்பது கீல் அல்ல, ஒரு சிறு கயிறு. கேஸ்பேஸ் என்ற புரதம் அந்தக் கயிற்றை அடையாளம் கண்டு பிடித்து, வெட்டும். செல் இலையுதிர்வைத் தொடங்கும்போதுதான் கேஸ்பேஸ் விழித்துக்கொள்ளும். அது வெட்டியதும் விளக்குகள் விலகிவிடும். மஞ்சள் குறைந்து நீலப்பச்சை ஏறும். கால்சிய உணரி பிடிப்பதையும் விடுவதையும் மாறிமாறிச் சொல்லும். இது ஒரே முறை பேசும் சாட்சி. கிழித்த தீக்குச்சி மறுபடி பற்றாது.

இதோடு நின்றிருந்தால் உலகம் முன்பே அறிந்த விஷயம். கேஸ்பேஸைக் கண்டுபிடிக்கும் இத்தகைய உணரிகள் 1990களின் இறுதியிலேயே வந்துவிட்டன. திருவனந்தபுரத்துக் குழு அதே செல்லில் இரண்டாவது சாட்சியைச் சேர்த்தது. செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நிலையாக உட்காரும் ஒரு சிவப்புப் புரதம். முதல் சாட்சி செல்லின் சாற்றில் மிதப்பது; உறை கிழிந்தால் வெளியே ஒழுகிவிடும். சிவப்பு நங்கூரமிட்டது, உடனே போகாது. ஆக, மஞ்சள் நீலப்பச்சையாக மாறினால் இலையுதிர்வு. நிறம் மாறாமலே முதல் விளக்கு காணாமல் போய் சிவப்பு மட்டும் மிஞ்சினால் கிளை முறிவு. கிண்ணத்தில் உதிர்ந்த செல்லும் நேரம் போகப் போகக் கசியத் தொடங்கும் என்பதால், கடைசியில் வந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். எது முதலில் நடந்தது என்பதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான் சொல்ல முடியும். உயிரோடு இருக்கும் சாட்சியின் பெருமை அங்கேதான்.

2019ல் அதே குழு இன்னொரு உணரியைக் கொண்டு மருந்துகளைச் சலிக்கும் முறையை வெளியிட்டது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜனேற்றம் கூடினால், பச்சைப் புரதத்தின் மேல் பொருத்திய இரண்டு கந்தகக் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிடித்தால், ஊதா ஒளிக்கு அது தரும் பதில் கூடும். நீல ஒளிக்குத் தரும் பதில் குறையும்.

இந்த உணரிகளில் பலவற்றில் இரண்டு அளவுகள், இரண்டுக்கும் விகிதம் என்று வருவதைக் கவனிக்கலாம். காரணம் இருக்கிறது. ஒரு செல் மற்றதைவிடப் பிரகாசமாகத் தெரிந்தால் அங்கே ஈனி அதிகம் என்று அர்த்தமில்லை. உணரிப் புரதமே அந்தச் செல்லில் அதிகமாக இருக்கலாம். செல் தடித்துப் போயிருக்கலாம். நுண்ணோக்கியின் விளக்கு சற்று கூடியிருக்கலாம். விகிதம் எடுத்தால் இவை பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

அடுத்த கேள்வி பிடியின் வலிமை. ஒவ்வொரு உணரிக்கும் ஓர் எண் உண்டு. எந்த அளவு ஈனி இருக்கும்போது உணரிகளில் சரிபாதி பிடித்திருக்குமோ அந்த அளவு. அது 200 என்று வைத்துக்கொள்வோம். ஈனி 200 அலகு இருந்தால் பாதி உணரிகள் நிறைந்திருக்கும். 1,800 ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு. 19,800 ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. அதாவது ஈனி பதினொரு மடங்கு பெருகியும் நிறைவு தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்குத்தான் நகர்ந்தது. அந்த எல்லைக்கு மேல் சாட்சிக்குப் பேச்சு அடைத்துவிடும். இதனால் ஒரு பொருளுக்கே பல வலிமைகளில் உணரி செய்ய வேண்டியிருக்கிறது. செல்லின் சாற்றில் கால்சியம் இருப்பதைவிட வெளியே சுமார் பத்தாயிரம் மடங்கு அதிகம். ஒரே உணரி இரண்டு இடத்துக்கும் ஒத்துவராது. பிடி மிகவும் இறுகினாலும் ஆபத்து. பிடித்ததை எளிதில் விடாத விடாக்கண்டனாகிவிடும். ஈனி குறைந்த பிறகும் வெளிச்சம் நீடித்து, நடக்காததை நடப்பதாகக் காட்டும்.

அமிலமும் குழப்பும். ஷிமோமுராவின் சாற்றை அணைத்த அதே அமிலம் மஞ்சள் புரதத்தையும் மங்க வைக்கும். ஆரம்ப கால மஞ்சளில் இது பெரிய குறை, பின்னால் திருத்தினார்கள். சாகும் செல்லில் அமிலத்தன்மை மாறக்கூடும் என்பதால் இதை எந்த ஆய்வாளரும் சாதாரணமாக விட்டுவிட முடியாது. போதாததற்கு, சாட்சியே சம்பவத்தில் கைவைக்கிறது. உணரி பிடித்துக்கொண்ட கால்சியம் செல்லுக்குக் கிடைக்காத கால்சியம். உணரியை அளவுக்கு மீறிச் சுரக்க வைத்தால் செல்லின் இயல்பே கெடும்.

எனவே நல்ல ஆய்வுக்கூடம் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறது. பிடிக்க முடியாதபடி கையை மாற்றிய ஓர் ஊமை உணரியை, அல்லது வெட்ட முடியாதபடி கயிற்றை மாற்றிய உணரியை, பக்கத்துக் கிண்ணத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அதுவும் நிறம் மாறினால் காரணம் வேறு. கேஸ்பேஸைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்த பிறகும் மஞ்சள் நீலப்பச்சையானால், முடிவைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

இவ்வளவு செய்தும் கிடைப்பது கிண்ணத்தில் வளர்ந்த செல்களின் வாக்குமூலம்தான். நோயாளியின் கட்டிக்குள் ரத்தக் குழாய்கள் இருக்கின்றன, எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன, ஆக்சிஜன் எட்டாத மூலைகள் இருக்கின்றன. ஒளி உடம்பைத் துளைத்து ஆழம் போகாது. நோயாளியின் செல்லுக்குள் இந்த மரபணுவைச் செலுத்திப் பார்ப்பதும் கிடையாது. கிண்ணத்தில் தேறிய மருந்து விலங்கிலும், பிறகு பல கட்டங்களாக மனிதரிலும் தேற வேண்டும். வழியில் விழுந்துபோகும் மருந்துகளே அதிகம். உணரியின் உபயோகம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. உதவாத மருந்தை, மனிதர் யாரும் அதை விழுங்குவதற்கு முன்பே, கிண்ணத்திலேயே அடையாளம் கண்டு ஒதுக்குவதில்.

மருந்து பிடித்ததா என்று கேட்கும் நாகர்கோவில்காரருக்கு டாக்டர் ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேன் படத்தையும் வைத்துத்தான் பதில் சொல்வார். அந்த மருந்து அவர் கைக்கு வந்து சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதே கேள்வியை யாரோ ஒருவர் ஒரு செல்லிடம் கேட்டு, நிறம் மாறுகிறதா என்று காத்திருந்திருக்க வேண்டும். மாறிய பிறகும் உடனே நம்பிவிடாமல், ஊமை உணரி வைத்த பக்கத்துக் கிண்ணத்தையும் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.